பூத்துப்போன கண்ணாடி: பழைய மடிப்புக் கேமராவின் லென்ஸைக் கழற்றித் துடைத்துப் பூட்டுவது எப்படி

புதுச்சேரியில் பழைய வீடு ஒன்றைக் காலி செய்தால் பரணிலிருந்து என்னென்னவோ இறங்கும். பித்தளை அண்டா, பிரெஞ்சு எழுத்துப் போட்ட பிஸ்கட் டப்பா, சைகோனில் வேலை பார்த்துத் திரும்பியவர்களின் டிரங்குப் பெட்டி. அந்தப் பெட்டிக்குள் சில சமயம் தோல் உறையோடு ஒரு மடிப்புக் கேமரா கிடக்கும். பொத்தானை அழுத்தினால் முன்கதவு திறந்து, துருத்தியை இழுத்துக்கொண்டு லென்ஸ் முன்னால் வந்து நிற்கும்.

எனக்கு அப்படித்தான் ஒரு அக்ஃபா ஐசோலெட் கிடைத்தது. எதிர்வீட்டு சொல்தா தாத்தாவுடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை இங்கே சொல்தா என்போம். அவர் போன பிறகு வீட்டை ஒழித்துக்கொண்டிருந்த அவர் மகள், "கண்ணாடி பூத்துப்போச்சு தம்பி, ஷோகேஸ்ல வைக்கலாம்னா எடுத்துக்குங்க" என்று கையில் கொடுத்தார். அவர் சொன்னது சரிதான். லென்ஸுக்குள் பார்த்தால் மார்கழிப் பனி மாதிரி ஒரே வெண்மை. ஆனால் அதைக் கழற்றித் துடைத்துச் சரியாகப் பூட்டிய பிறகு அதே கேமராவில் அந்த அக்காவையே அவர் வீட்டுத் திண்ணையில் உட்காரவைத்துப் படம் எடுத்தேன். புடவையின் ஜரிகைக் கோடு ஒவ்வொன்றும் தெரிந்தது.

அன்றிலிருந்து பத்துப் பன்னிரண்டு கேமராக்களைத் திறந்துவிட்டேன். பூத்துப்போனது என்று ஒதுக்கப்பட்டவற்றில் பாதிக்கு மேல் நல்ல கேமராக்கள். முதன்முறையாகத் திறக்கப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். துடைப்பது இதில் சுலபமான பகுதி. கழற்றும்போது எது எந்த இடத்தில் நின்றது என்று குறித்துவைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் பளபளவென்ற கண்ணாடியில் மங்கலான படம்தான் வரும்.

பயப்பட வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. இந்தக் கேமராக்களில் பெரும்பாலானவற்றின் லென்ஸ் மூன்றே கண்ணாடிகளால் ஆனது. 1893ல் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர் காப்புரிமை பெற்ற குக் டிரிப்லெட் என்ற அமைப்பு அது: முன்னால் ஒரு குவி கண்ணாடி, நடுவில் ஒரு குழி கண்ணாடி, பின்னால் இன்னொரு குவி கண்ணாடி. அக்ஃபாவின் அக்னார், அபோடார், ஸைஸ் ஐகான் நெட்டாரில் வரும் நோவார் எல்லாம் இந்த வகை. கொஞ்சம் விலை கூடிய கேமராக்களில் டெஸ்ஸார் அல்லது அதைப் போன்ற லென்ஸ் இருக்கும். அதில் நான்கு கண்ணாடிகள், ஆனால் பின்னால் உள்ள இரண்டும் ஒன்றாக ஒட்டப்பட்டவை. எப்படிப் பார்த்தாலும் காற்று படும் முகங்கள் ஆறுதான். அந்த ஆறையும் எட்டிவிட்டால் வேலை முடிந்தது. இதற்கு எந்தக் கண்ணாடியையும் அதன் பித்தளைக் கூட்டைவிட்டு வெளியே எடுக்கத் தேவையில்லை.

முதலில் டார்ச் அடித்துப் பாருங்கள்

கேமராவின் பின்கதவைத் திறந்துகொள்ளுங்கள். ஷட்டர் வேகத்தை பி-யிலும் (பொத்தானைப் பிடித்திருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் நிலை), வெளிச்சம் புகும் துளையான அப்பர்ச்சரை இருப்பதிலேயே சிறிய எண்ணிலும், அதாவது முழுத் திறப்பிலும் வையுங்கள். ஷட்டரின் வில்லை ஏற்றி வைக்க (காக் செய்ய) லீவர் இருந்தால் அதைத் தள்ளிவிட்டு, பொத்தானை அழுத்திப் பிடியுங்கள். சில மாடல்களில் பிலிம் சுற்றாமல் மேல்பொத்தான் இறங்காது. அப்போது ஷட்டரின் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன லீவரை விரலால் தள்ளினாலே போதும். செல்போன் டார்ச்சைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கமிருந்து பாருங்கள்.

பளிச்சென்று தனித்தனிப் புள்ளிகள் தெரிந்தால் தூசி. அதை விட்டுவிடலாம், படத்தில் வராது. கண்ணாடிக்குள்ளேயே ஒன்றிரண்டு காற்றுக்குமிழ் இருந்தாலும் அப்படித்தான், அந்தக் காலத்துக் கண்ணாடியில் அது சகஜம். சீரான வெண்புகை போலத் தெரிந்தால், கிரீஸும் எண்ணெயும் ஆவியாகிப் படிந்த படலம். இது நன்றாகப் போய்விடும். வேர் ஓடியது போல, சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து தெரிந்தால் பூஞ்சை. கேமராக்காரர்கள் ஃபங்கஸ் என்பார்கள். நம் கடற்கரையில் இதுதான் அதிகம். காற்றின் ஈரப்பதம் 65, 70 சதவீதத்துக்கு மேல் நாள்கணக்கில் நின்றால் பூஞ்சை முளைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே துவைத்த துணியே காய மாட்டேன் என்கிறது, பரண்மேல் தோல் உறைக்குள் இருக்கும் கேமராவைக் கேட்க வேண்டாம். கண்ணாடியில் படிந்த கைரேகை எண்ணெயும் தூசியும் அதற்குச் சாப்பாடு. வளர வளர அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சையும், நாளாக ஆகக் கண்ணாடியையும் அரித்துவிடும். பூஞ்சையைத் துடைத்தெடுத்தாலும் அரித்த தடம் அப்படியே நிற்கும். அதனால் மேலோட்டமான பூஞ்சையைத் தள்ளிப்போடாமல் சீக்கிரம் துடைப்பது நல்லது.

டெஸ்ஸார் வகை லென்ஸில் விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதாவது தெரிந்தால், ஒட்டிய கண்ணாடிகளுக்கு நடுவே இருக்கும் பசை விடுகிறது என்று அர்த்தம். அந்தக் காலத்தில் கனடா பால்சம் என்ற மரப்பிசினால் ஒட்டினார்கள். அதைப் பிரித்து ஒட்டும் வேலைக்குள் புதியவர்கள் இறங்க வேண்டாம். படம் எடுத்துப் பாருங்கள், பல சமயம் பரவாயில்லாமல் வரும்.

முதல் பயிற்சிக்குத் தாத்தாவின் ஒரே நினைவுப் பொருளை எடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பழைய சாமான் கடையில் பெல்லோஸ், அதாவது அந்தத் துருத்தி, கிழிந்து, படம் எடுக்க லாயக்கில்லாமல் கிடக்கும் ஒன்றை வாங்கி அதில் கைபழகுங்கள். படம் எடுக்கவென்று வாங்கும் கேமராவில் பெல்லோஸையும் சோதித்துவிடுங்கள்: இருட்டறையில் உள்ளே டார்ச் வைத்து மடிப்பு மூலைகளைப் பாருங்கள். நட்சத்திரம் போல வெளிச்சம் கசிந்தால் ஓட்டை. ஐசோலெட்டில் இது ரொம்ப சாதாரணம்.

என்னென்ன வேண்டும்

வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வைத்திருக்கும் சின்ன ஸ்க்ரூடிரைவர் செட். நல்லதாக ஒன்று வாங்குங்கள். மட்டமான இரும்பு முனை மழுங்கி ஸ்க்ரூவின் தலையைச் சிதைத்துவிடும். அவர்கள் கண்ணில் செருகிக்கொள்ளும் பூதக்கண்ணாடி, லூப் என்பார்கள், அது ஒன்று. காற்றடிக்கும் ரப்பர் பல்ப். சைக்கிள் டியூபில் வெட்டிய நான்கைந்து துண்டு, கண்ணாடிக் கூட்டைப் பிடித்துத் திருக இதைவிட நல்ல கருவி கிடையாது. இயர் பட்ஸ், மைக்ரோஃபைபர் துணி, பல் குத்தும் குச்சி, நுனி மெல்லிய மார்க்கர் பேனா.

திரவங்கள் மூன்று. செல்போன் ரிப்பேர் சாமான் விற்கும் கடையில் ஐபிஏ என்று கேட்டால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கிடைக்கும். மருந்துக்கடையில் ஹைட்ரஜன் பெராக்சைடு கிடைக்கும். நம் ஊரில் அது பெரும்பாலும் 6 சதவீதமாக வரும். அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்து 3 சதவீதமாக்கிக்கொள்ளுங்கள். பிறகு வெள்ளைப் பெட்ரோல் அல்லது லைட்டரில் ஊற்றும் திரவம் கொஞ்சம். இது பட்டென்று தீப்பிடிக்கும். அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும் இடத்தில் பாட்டிலைத் திறக்கக் கூடாது.

நெயில் பாலிஷ் ரிமூவர் வேண்டாம், அதில் உள்ள அசிட்டோன் பெயின்ட்டையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். ஹேண்ட் சானிடைசரும் வேண்டாம், காய்ந்த பிறகு பிசுக்கு விடும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு நல்ல லென்ஸ் இப்படிப் பாழானதைப் பார்த்திருக்கிறேன். வெள்ளி விளக்கு துலக்குவது போல விபூதி தொட்டுத் தேய்க்காதீர்கள். அந்தக் காலத்துப் பூச்சு மிக மென்மையானது. விபூதிப் பொடி அதைச் சுத்தமாக உரித்துவிடும். வேட்டி நுனியும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும்.

வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. மின்விசிறியை அணைத்துவிட வேண்டும் என்பதால் சித்திரை வெயிலில் உட்கார்ந்தால் நெற்றி வியர்வை சொட்டென்று கண்ணாடியில் விழும். வெள்ளைத் துண்டு விரித்த தட்டு ஒன்றின் மேல் வேலை செய்யுங்கள். அதில் இருக்கும் ஸ்க்ரூ சில கடுகளவுதான். தரையில் விழுந்தால் கிடைக்காது.

குறித்துவிட்டுக் கழற்றுங்கள்

ஐசோலெட்டை வைத்துச் சொல்கிறேன். லென்ஸின் முன்கண்ணாடியைத் திருகித்தான் ஃபோகஸ் செய்யும் மற்ற மடிப்புக் கேமராக்களிலும் அமைப்பு ஏறக்குறைய இதுதான்.

முதல் காரியம்: போகஸ் வளையத்தை முடிவிலிக் குறிக்கு, வெகுதூரத்தைக் குறிக்கும் அந்தப் படுத்த எட்டுக்குக் கொண்டுவந்து நிறுத்துங்கள். செல்போனில் நேர் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். இனி ஒவ்வொரு துண்டு கழலும்போதும் ஒரு படம். சலிப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் எடுங்கள்.

போகஸ் வளையத்தின் ஓரத்தில் சுற்றிலும் மூன்று நுண்ணிய ஸ்க்ரூ இருக்கும். அவற்றை வெளியே எடுக்க வேண்டாம், ஒவ்வொன்றையும் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் போதும். வளையம் தொப்பி மாதிரி கையோடு வந்துவிடும். கீழே பித்தளைக் கூட்டில் முன்கண்ணாடி தெரியும். அது நடுக்கண்ணாடியின் கூட்டுக்குள் மரையில் உட்கார்ந்திருக்கிறது. நடுக்கண்ணாடிக் கூடு ஷட்டருக்குள் மரையில் உட்கார்ந்திருக்கிறது. இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

இப்போது மார்க்கரால் முன்கூட்டின் விளிம்பிலிருந்து ஷட்டர் முகம் வரை ஒரே நேர்க்கோடு போடுங்கள். இதுதான் முடிவிலியின் இடம். பிறகு முன்கண்ணாடியை இடப்பக்கமாக, மெதுவாகத் திருகுங்கள். எத்தனை சுற்று என்று வாய்விட்டு எண்ணுங்கள். மரை விட்டு அது கழன்று வரும் அந்தக் கணத்தில் நிறுத்தி, முன்கூட்டில் போட்ட கோடு ஷட்டர் முகத்தில் எங்கே நிற்கிறது என்று அங்கேயும் ஒரு குறி வையுங்கள். சில லென்ஸ்களில் மரை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தொடங்கும். தப்பான தொடக்கத்தில் ஏற்றினாலும் சுகமாகவே ஏறிவிடும், ஃபோகஸ்தான் எங்கேயோ போய் நிற்கும். இந்த இரண்டாவது குறி அதற்காகத்தான். முதல் கேமராவில் நான் முதல் குறியை மட்டும் வைத்தேன், இரண்டாவதை வைக்கவில்லை. இரண்டு ரோல் பிலிம் மங்கலாக வந்தபிறகுதான் விஷயம் புரிந்தது.

ஆனால் ஐசோலெட்டில் பெரும்பாலும் முன்கண்ணாடி இப்படிச் சுலபமாக வராது. அக்ஃபா அந்த நாளில் மரையில் போட்ட பச்சை நிற கிரீஸ் வருடங்கள் போகப்போக இறுகிப் பிசின் போல ஆகிவிடும். திருகினால் முன்கூடும் நடுக்கூடும் ஒட்டியபடியே சேர்ந்து ஷட்டரிலிருந்து கழன்று வரும். பலர் பழைய ஐசோலெட்டில் ஃபோகஸ் வளையத்தை வலுவாகத் திருப்பி, "சுற்றுகிறதே, நன்றாக இருக்கிறது" என்று நினைத்துக்கொள்வது இதனால்தான். உள்ளே நடுக்கண்ணாடி இடம்பெயர்ந்துகொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் பதற வேண்டாம். கோடு போட்டுவிட்டு, சேர்ந்தபடியே எடுத்துத் தட்டில் வையுங்கள்.

ஒட்டியதைப் பிரிப்பது

பொறுமை வேண்டிய இடம் இது. பிளையர் வைத்துப் பிடிக்கவே கூடாது. மெல்லிய பித்தளை வளையம் ஒரு துளி நசுங்கி முட்டை வடிவமானாலும் மரை ஜென்மத்துக்கும் இறுகிவிடும்.

முதலில் சூடு. முடி காயவைக்கும் டிரையரைப் பித்தளைப் பகுதியில் இரண்டு நிமிடம் காட்டுங்கள், கையில் பிடிக்க முடிகிற அளவு சூடு போதும். சைக்கிள் டியூப் துண்டு ஒன்றை முன்கூட்டிலும், இன்னொன்றை நடுக்கூட்டிலும் சுற்றி, இரண்டு கையாலும் எதிரெதிராகத் திருகுங்கள். அசையவில்லையா? ஆறவிட்டு, சிரிஞ்சில் வெள்ளைப் பெட்ரோலை எடுத்து இரண்டு கூடும் சந்திக்கும் இடுக்கில் இரண்டு சொட்டு விடுங்கள். மூடிய கண்ணாடி பாட்டிலில் இரவு முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் எடுத்து, திரவம் முழுக்க ஆவியாகி வாடையே இல்லை என்று தெரிந்த பிறகுதான் மறுபடி டிரையர். ஈரமாக இருக்கும்போது சூடு காட்டினால் தீப்பிடிக்கும். சொட்டு, இரவு, சூடு என்று இதே வரிசையைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சொல்தா தாத்தா கேமரா நான்காம் நாள் அசைந்தது. முதலில் முடி அளவு. டியூப் வழியாக விரலுக்கு ஒரு கரகரப்பு தெரிந்தது, மரை இடுக்கில் பச்சையாக ஒரு கோடு பிதுங்கி வந்தது. அப்புறம் தேன் போலச் சுழன்றது.

பிரிந்த பிறகு இரண்டு மரையையும் ஐபிஏ தோய்த்த பல்குச்சியால் பள்ளம் பள்ளமாகச் சுத்தம் செய்யுங்கள். பச்சைத் துணுக்கு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பழையபடி பூட்டும்போது லென்ஸ் மரைக்கென்று விற்கும் கெட்டி கிரீஸ் ஒரு கடுகளவு போதும். தையல் மெஷின் எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் ஓடிப்போய்க் கண்ணாடியிலும் ஷட்டர் இதழிலும் ஏறிவிடும்.

துடைப்பது

முதலில் ரப்பர் பல்பால் காற்றடித்து மணல் துகளை விரட்டுங்கள். கடற்கரை ஊரில் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. ஒரு மணல் துகள் பஞ்சின் அடியில் மாட்டினால் கண்ணாடியில் வட்டக் கீறல்தான்.

வெண்புகைப் படலம் மட்டும் என்றால் ஐபிஏ போதும். இயர் பட்ஸை நனைத்து, ஒரு டிஷ்யூவில் ஒற்றி எடுத்து, ஈரமாக இருந்தும் சொட்டாத பதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தொடங்கிச் சுருள் சுருளாக விளிம்புக்கு வாருங்கள். விளிம்பைத் தொட்ட பஞ்சை மறுபடி நடுவுக்குக் கொண்டுபோகாதீர்கள், புதியதை எடுங்கள். ஒரு முகத்துக்கு நாலைந்து பட்ஸ் செலவாகும். அழுத்தவே வேண்டாம், பஞ்சின் கனமே போதும். கண்ணாடியின் ஓரத்தில் கறுப்பு பெயின்ட் அடித்திருக்கும். ஐபிஏ அதைக் கரைத்துக் கண்ணாடிமேல் இழுத்துவிடும், அதனால் கடைசி அரை மில்லிமீட்டரைத் தொடாமல் விடுங்கள். முன்வளையத்தில் இருக்கும் எழுத்துகளும் அப்படித்தான் அழியும்.

பூஞ்சை என்றால் பெராக்சைடு. நனைத்த பட்ஸால் மேலே பரப்பி, ஐந்து பத்து நிமிடம் விட்டு, மெதுவாகத் துடையுங்கள். பிறகு டிஸ்டில்டு வாட்டர், அப்புறம் ஐபிஏ. லூப் வைத்துப் பார்த்து, நூல் மிஞ்சியிருந்தால் இன்னொரு முறை. மூன்று முறைக்கு மேல் போக வேண்டாம். அதற்குப் பிறகும் நிற்பது அரித்த தடம். தேய்த்தால் மிச்சப் பூச்சும் போய்விடும். லேசான தடம் படத்தின் கூர்மையைக் கெடுக்காது. சூரியனை எதிரே வைத்து எடுத்தால் மட்டும் கொஞ்சம் வெளிறும், அவ்வளவுதான்.

வெயிலில் காயவைத்தால் பூஞ்சை போய்விடும் என்பார்கள். வெயில் அதை வளரவிடாது, ஆனால் படிந்ததைக் கண்ணாடியிலிருந்து எடுக்காது. தவிர, குவி கண்ணாடியை மொட்டை மாடி வெயிலில் வைத்துவிட்டு வந்தால் கீழே இருக்கும் துணி பற்றிக்கொள்ளும்.

நடுக்கண்ணாடியைத் துடைக்கும்போது கூட்டிலிருந்து கண்ணாடி தானாகவே கழன்று கையில் வந்துவிட்டால், அதே நொடியில் எந்தப் பக்கம் முன்னால் இருந்தது என்று விளிம்பில் பென்சிலால் குறியுங்கள். இரண்டு பக்கமும் குழி என்பதால் கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். திருப்பிப் போட்டால் படத்தின் ஓரமெல்லாம் கரைந்து வரும்.

ஷட்டரும் பின்கண்ணாடியும்

முன்னும் நடுவும் போனதும் ஷட்டர் இதழ்கள் வெளியே தெரியும். அவற்றில் எண்ணெய்ப் பளபளப்பு இருந்தால் இயர் பட்ஸில் ஒரே துளி வெள்ளைப் பெட்ரோல் தொட்டு மேலாகத் துடைத்து, காய்ந்ததும் சில முறை ஷட்டரை அடியுங்கள். மறுபடி துடையுங்கள். இதழ்கள் காய்ந்தே இருக்க வேண்டும், எண்ணெய் விடக் கூடாது. ஷட்டரின் மூடியைத் திறக்காதீர்கள். அது தனிப் படிப்பு. பக்கவாட்டில் செல்ஃப் டைமர் லீவர் இருந்தால் அதையும் தொடாதீர்கள். பழைய ஷட்டர்களில் அதன் சக்கரங்கள்தான் முதலில் இறுகும், பாதியில் நின்றால் ஷட்டர் மொத்தமும் நின்றுவிடும்.

பின்கண்ணாடியைக் கேமராவின் பின்கதவு வழியாக எட்டலாம். பெல்லோஸின் அடியில் பார்த்தால் இரண்டு வளையம் தெரியும். உள்ளே கண்ணாடியைத் தாங்கியிருப்பது பின்கண்ணாடிக் கூடு; அதை ரப்பரால் அழுத்தி இடப்பக்கம் திருகினால் வரும். அதைச் சுற்றி, இரண்டு வெட்டுப் பள்ளத்தோடு இருக்கும் வெளிவளையம் ஷட்டரையே பலகையோடு பிடித்திருப்பது. அதைத் தொடாதீர்கள். பின்கூட்டைக் கழற்றி இரண்டு முகத்தையும் துடைத்து, பூட்டும்போது விரலால் முடியும்வரை முழுக்க இறுக்குங்கள். இது ஃபோகஸுக்காக நகரும் கண்ணாடி இல்லை, ஆகவே குறி எதுவும் தேவையில்லை. நடுக்கண்ணாடிக் கூடும் அப்படித்தான், அடிவரை இறுக்கமாக உட்கார வேண்டும். முன்கண்ணாடி மட்டும்தான் குறிப் பார்த்து ஏற்ற வேண்டியது.

முடிவிலியைப் பிடிப்பது

குறி சரியாக வைத்திருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது திறந்து தப்பாகப் பூட்டியிருக்கலாம். எனக்கு வந்த ஒரு நெட்டார் அப்படித்தான், எங்கோ ஒரு பழுதுபார்க்கும் கடையில் வளையத்தை அரைச் சுற்றுத் தள்ளிப் பூட்டியிருந்தார்கள்.

படத்துக்குப் பிரேம் போடும் கடையில் கேமராவின் பிலிம் சட்டத்துக்குச் சரியாக உட்காரும் அளவில் ஒரு கண்ணாடித் துண்டு வெட்டித் தரச் சொல்லுங்கள். அதன் ஒரு முகத்தில் பளபளப்பில்லாத செல்லோ டேப்பைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். டேப் ஒட்டிய முகம் லென்ஸைப் பார்க்க, பிலிம் வந்து படியும் உள்தண்டவாளத்தின் மேல் வைத்து ரப்பர் பேண்டால் கட்டுங்கள். ஷட்டரை பி-யில் திறந்து, பூட்டும் வசதியுள்ள கேபிள் ரிலீஸால் (ஷட்டர் பொத்தானை அழுத்த அதில் திருகும் கம்பி) அப்படியே நிறுத்துங்கள். அப்பர்ச்சர் முழுத் திறப்பில் இருக்கட்டும். தலைமேல் கறுப்புத் துணி போர்த்திக்கொண்டு பார்த்தால் டேப்பில் உலகம் தலைகீழாகத் தெரியும்.

85 மில்லிமீட்டர் லென்ஸுக்கு முந்நூறு மீட்டருக்கு அப்பால் இருப்பதெல்லாம் முடிவிலிதான். நான் மாலையில் கடற்கரைச் சாலையின் தென்பக்கமாகப் போய் நின்று, சில நூறு மீட்டர் தள்ளி, 1836 முதல் நிற்கும் பழைய கலங்கரை விளக்கத்தைப் பார்த்துப் பிடிப்பேன். காலையில் போகக் கூடாது. நம் கடல் கிழக்கே இருக்கிறது, சூரியன் லென்ஸுக்குள் நேராக இறங்கும். மாலையில் வெளிச்சம் ஊர்ப்பக்கமிருந்து கோபுரத்தின் மேல் விழும், ஓரங்கள் கத்தி மாதிரித் தெரியும். அடிவானக் கோட்டை நம்பாதீர்கள். கடல்மேல் எப்போதும் ஒரு புகைமூட்டம் உண்டு. வீட்டு மாடியிலிருந்து என்றால் தூரத்துச் செல்போன் டவரின் குறுக்குக் கம்பிகள் நல்லது.

லூப்பை டேப்மேல் வைத்து, முன்கண்ணாடியை மட்டும் வலமும் இடமுமாக நூலளவு திருகுங்கள். மங்கலிலிருந்து கூர்மைக்கு வந்து, தாண்டி மறுபடி மங்கலாகும். அந்த இரண்டு மங்கலுக்கும் நடுவில் நிறுத்துங்கள். ஐந்து முறை திரும்பத் திரும்பச் செய்து, ஐந்து முறையும் ஒரே இடத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். இப்போது கண்ணாடி அசையாமல் போகஸ் வளையத்தை முடிவிலிக் குறியில் வைத்து உட்காரவைத்து, மூன்று ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை மட்டும் முழுக்க இறுக்கினால் வளையம் கோணிக்கொள்ளும். கடைசியாக, சுவரில் ஒரு நாள்காட்டியை மாட்டி, இன்ச் டேப்பில் இரண்டு மீட்டர் அளந்து, வளையத்தை 2-ல் வைத்துப் பாருங்கள். தேதி எண்கள் கூர்மையாக இருந்தால் பிலிம் போடலாம். இதற்குப் போடும் 120 பிலிம் இன்றைக்கும் விற்கிறது, ஒரு ரோலுக்கு 12 சதுரப் படம்.

வைக்கும் இடம்

துடைத்த லென்ஸைப் பழைய தோல் உறைக்குள் திரும்பப் போடாதீர்கள். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், பூஞ்சையும் அங்கிருந்துதான் வந்தது. உறையைத் தனியாக வெயிலில் காயவைத்து அலமாரியில் வைத்துக்கொள்ளுங்கள். அந்துருண்டை போட்ட பீரோவும் வேண்டாம். அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசி டப்பாவில் புதைப்பவர்கள் உண்டு, அதில் மாவுத் தூசிதான் மிச்சம்.

இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா, உள்ளே ஒரு கைப்பிடி சிலிகா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் சரி. 30க்குக் கீழே போனால் பெல்லோஸ் காய்ந்து மடிப்பில் வெடிக்கும், கொஞ்சம் ஜெல்லை எடுத்துவிடுங்கள். நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் குடித்துவிட்டன என்று அர்த்தம். சமையலுக்கு எடுக்காத ஒரு பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் மறுபடி நீலமாகும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பாருங்கள். பார்க்கிற அன்றே கேமராவையும் எடுத்துத் திறந்து, எல்லா வேகத்திலும் ஷட்டரை இரண்டு மூன்று முறை அடித்து, போகஸ் வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை திருப்பி, முடிவிலியில் நிறுத்தி மடித்து வையுங்கள்.